புகார் வாங்குற கையும் மார்க் போடுற கையும் ஒண்ணா இருந்தா புள்ளைங்க எங்க சார் போகும்?

துணைவேந்தர்கள், கல்லூரி முதல்வர்கள், கரெஸ்பாண்டன்ட், சேர்மன், ஹெச்.ஓ.டி எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். தமிழ்நாட்டுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேடீஸ் ஹாஸ்டல்ல ஆறு வருஷம் டெபுடி வார்டனா இருந்தவ நான். பகல்ல ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுப்பேன், சாயந்தரம் ஆறரைக்கு மேல அதே புள்ளைங்களுக்கு வார்டன். ரூமும் மெஸ் சாப்பாடும் ஃப்ரீங்கறதால வார்டன் வேலைக்குன்னு தனியா ஒரு பைசா கிடையாது. இப்ப வேலைய விட்டுட்டேன். காலேஜ் பேரு சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க எல்லாரும் "அப்பாடா, நம்ம காலேஜ் இல்ல"ன்னு மடிச்சு வெச்சுட்டு போயிடுவீங்க.

எங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு இருந்துச்சு. ஆன்டி ராகிங் கமிட்டி, ஐ.சி.சி (பாலியல் தொல்லை புகார விசாரிக்கற கமிட்டி), கிரீவன்ஸ் செல், மென்டரிங் செல்னு வரிசையா பேரும் நம்பரும். காலேஜுக்கு கிரேட் போடுற நாக் கமிட்டி வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி அவசர அவசரமா அடிச்சு மாட்டினது. நாக் வந்துச்சு, போட்டோ எடுத்துச்சு, போயிடுச்சு, போர்டு மட்டும் வெயில்ல நின்னு நின்னு சிவப்பு எழுத்தெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. அதுல இருந்த ஏழு பேர்ல ரெண்டு பேரு வேற காலேஜ் போயிட்டாங்க, ஒருத்தர் ரிடையர்டு. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம சும்மா அதுல இருந்த ஒரு நம்பருக்கு போட்டுப் பார்த்தேன், "நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை"ன்னு அந்த அம்மா பாட்டுக்கு சொல்லுது. மறுநாள் ஆபீஸ்ல போய் சொன்னேன், "அடுத்த நாக்குக்கு மாத்திடலாம் மேடம்"னாங்க.

சட்டம் இல்லாம இல்லைங்க, அதுதான் எரிச்சலே. 1996 நவம்பர்ல சிதம்பரம் ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் படிச்ச பொன் நாவரசு, சீனியர் கையால செத்தது உங்கள்ல வயசுல மூத்தவங்களுக்கு கண்டிப்பா ஞாபகம் இருக்கும். அந்தப் பையன் அப்போ மெட்ராஸ் யுனிவர்சிட்டி துணைவேந்தரா இருந்தவரோட மகன். துணைவேந்தர் வீட்டுப் புள்ளைக்கே ஹாஸ்டல்ல பாதுகாப்பு இல்லைன்னா கூலி வேலை செய்யுறவங்க புள்ளைக்கு என்ன இருக்கும்னு அன்னைக்கு ஊரே பேசுச்சு. அதுக்கப்புறம்தான் 1997-ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். இது ஃப்ளெக்ஸ்ல இருக்கும். அதே சட்டத்துல இன்னொரு வரி இருக்கு, அத எந்த காலேஜும் ஃப்ளெக்ஸ்ல போட்டு நான் பார்த்ததில்ல: புகார் வந்தும் கல்லூரித் தலைமை நடவடிக்கை எடுக்காம விட்டா அவங்களும் அந்தக் குற்றத்துக்கு உடந்தைன்னு அர்த்தம். அந்த வரி உங்களுக்காக எழுதினதுங்க, அதனாலதானோ என்னவோ போர்டுல இடம் பத்தல.

அப்புறம் 2009-ல ஹிமாச்சல்ல அமன் கச்ருன்னு ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட் ராகிங்ல செத்த பிறகு யூ.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) தனியா விதி போட்டுச்சு, 24 மணி நேர ஹெல்ப்லைன் 1800-180-5522 வந்துச்சு, வருஷா வருஷம் புள்ளையும் பெத்தவங்களும் உறுதிமொழி குடுக்கணும்னு வந்துச்சு. எங்க ஹாஸ்டல்ல அந்த ஃபார்ம ஃபில் பண்ற அன்னைக்கு ரூமுக்கு ஒரு புள்ள உக்காந்து எல்லா அப்பாக்களோட கையெழுத்தையும் அதுவே போட்டுரும், அவ்ளோ அழகா போடும். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி வாங்கி அடுக்கி வெச்சவதான், இதுல எனக்கும் பங்கு இருக்கு, அதச் சொல்லாம மேல எழுத முடியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எங்க மெஸ்ல புள்ளைங்க வீட்டுல இருந்து கொண்டு வந்த எவர்சில்வர் தட்டுதான் யூஸ் பண்ணும். ஸ்டாண்டுல வரிசையா இருக்கும், பாதி தட்டுல பின்னாடி அம்மா பேரோ பாட்டி பேரோ புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும், கல்யாணத்துக்கு வந்த தட்டு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மெஸ் அக்கா ஒருத்தங்க என்கிட்ட வந்து "மேடம், இந்தத் தட்டு மூணு நாளா நனையலைங்க"ன்னாங்க. நான் முழிச்சேன். "நனையலைன்னா சாப்பிடலைங்க மேடம், அந்த செகண்ட் ஃப்ளோர் புள்ள"ன்னாங்க. பாருங்க, பயோமெட்ரிக் இருக்கு, ராத்திரி அட்டெண்டன்ஸ் இருக்கு, மென்டர் புக் இருக்கு, இது எதுலயும் அந்தப் பொண்ணு காணாமப் போகல, எல்லாத்துலயும் பிரசென்ட். காஞ்ச தட்டுலதான் ஆப்சென்ட்.

ரூமுக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தா. காய்ச்சலான்னா இல்ல, வீட்டு ஞாபகமான்னா இல்ல, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னா ஒண்ணுமில்ல மேடம். அந்த "ஒண்ணுமில்ல மேடம்" இருக்கே, ஆறு வருஷத்துல நான் அதிகமா கேட்ட வார்த்தை அதுதான். நான் கிளம்பி வந்துட்டேன். அடுத்த நாள் மெஸ் அக்கா அவளுக்கு ரசம் சாதம் கரைச்சு எடுத்துட்டுப் போய் பக்கத்துல உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட முழுசா சொல்லிட்டா. அவளோட கிளாஸ் அட்வைசர் ராத்திரி ராத்திரி வாட்ஸப்ல மெசேஜ் போடறாரு. முதல்ல "சாப்டியாமா", அப்புறம் "டிபி நல்லா இருக்கு", அப்புறம் "ரெக்கார்டுல சைன் வேணும்னா லஞ்ச் டைம்ல நீ மட்டும் வா". ரிப்ளை பண்ணலைன்னதும் ரெண்டு தடவ ரெக்கார்ட தூக்கிப் போட்டுட்டாரு.

ஏன்மா என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா, "நீங்கதானே மேடம் கெமிஸ்ட்ரி இன்டர்னல் போடுவீங்க, ஸ்டாஃப் ரூம்ல அவரு உங்க பக்கத்து டேபிள்."

இந்த லெட்டரே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் சார். நான் நல்லவளா கெட்டவளாங்கறது இல்ல அங்க பிரச்சினை. நான் எந்த நாற்காலில உக்காந்திருக்கேங்கறதுதான். நம்ம காலேஜுங்கள்ல அதே ஆளு கிளாஸ் அட்வைசர், அதே ஆளு மென்டர், அதே ஆளு இன்டர்னல் மார்க் போடுறவர், அதே ஆளு ஒரு கமிட்டில மெம்பர். அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு 20 மார்க்தான் காலேஜ் கையில இருந்துச்சு, 2021 ரெகுலேஷன்ல அது 40 ஆச்சு. படிப்புக்கு அது நல்லதா கெட்டதாங்கறது வேற விவாதம், எனக்கு தெரிஞ்சு சில விஷயத்துல நல்லதுதான். ஆனா புள்ளையோட பார்வைல பாருங்க, வாத்தியார் கையில இருக்கற கயிறு ரெண்டு மடங்கு நீளமாயிடுச்சு, அந்தக் கயிறப் புடிச்சிருக்கறவர்கிட்டயே போய் அவரோட ஃப்ரெண்ட பத்தி புகார் குடுக்கணும்னா எந்தப் புள்ள குடுக்கும்.

இதுல கொடுமை என்னன்னா யூ.ஜி.சிக்கு இது தெரியும். 2015-ல போட்ட பாலியல் தொல்லை தடுப்பு விதியில தெளிவா இருக்கு, துணைவேந்தர், ரிஜிஸ்ட்ரார், டீன், ஹெச்.ஓ.டி இவங்க யாரும் ஐ.சி.சில மெம்பரா இருக்கக் கூடாதுன்னு. வெளியில இருந்து ஒரு மெம்பர் வேணும், ஸ்டூடன்ட் சம்பந்தப்பட்ட கேஸ்னா புள்ளைங்களே தேர்ந்தெடுத்த மூணு ஸ்டூடன்ட் மெம்பர் வேணும். விசாரணை 90 நாள்ல முடிக்கணும். அது முடியற வரைக்கும் யார் மேல புகாரோ அவங்க அந்தப் புள்ளையோட பேப்பரத் திருத்தக் கூடாது, மார்க் போடக் கூடாதுன்னு நிறுத்தி வைக்கலாம்னும் அதுலயே இருக்கு. எங்க காலேஜ் ஐ.சி.சி தலைவி யாரு தெரியுமா, அந்த கிளாஸ் அட்வைசரோட டிபார்ட்மென்ட் ஹெச்.ஓ.டி. நல்லவங்கதான், என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாங்க, "எழுத்துல வேணாம்மா, பொண்ணு வாழ்க்கை, நான் கூப்பிட்டு கண்டிச்சு விடறேன்." கண்டிச்சாங்க. ஒரு வாரத்துல அந்தாளுக்கு யாரு சொன்னான்னு தெரிஞ்சு போச்சு, ரெண்டு வாரத்துல கிளாஸ் முழுக்க தெரிஞ்சு போச்சு, மூணாவது வாரம் ஆபீஸ்ல இருந்து அவ வீட்டுக்கு போன் போட்டு "உங்க பொண்ணு சரியா படிக்கறதில்ல, வந்து பாருங்க"ன்னுட்டாங்க.

அவங்க அப்பா ராத்திரி பஸ் புடிச்சு விடியக்காலைல வந்து கேட்ல துண்டோட நின்னாரு. ஆபீஸ்ல என்ன பேசினாங்கன்னு எனக்கு தெரியாது, வெளிய வந்தவர் என்னப் பார்த்து கும்பிட்டாரு, "படிச்ச வரைக்கும் போதும்ங்க மேடம், பேரு கெடாம கூட்டிட்டுப் போறேன்"னாரு. அவ அந்த ஊர்லயே காலேஜ் வந்த முதல் பொண்ணு, புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வந்துட்டிருந்துச்சு. அரசாங்கம் ஒரு கையில 1,000 ரூபாய் குடுத்து உள்ள கூப்பிடுது, நாம இன்னொரு கதவால வெளிய அனுப்பிட்டோம். டிசி கேட்டா மீதி ஃபீஸ் கட்டினாத்தான் சர்டிபிகேட்டுன்னாங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் புடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யூ.ஜி.சி சொல்லியிருக்கு, அதையும் நான்தான் பிரின்ட் எடுத்துக் கொண்டு போய்க் காட்ட வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த காலேஜ்ல எனக்கும் சரியா வரல.

பேரன்ட்ட கூட்டிட்டு வான்னு சொல்றத தயவு செஞ்சு தண்டனையா யூஸ் பண்ணாதீங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வரலையா பேரன்ட், அரியரா பேரன்ட், ஹாஸ்டலுக்கு அரை மணி நேரம் லேட்டா பேரன்ட். கடைசில உண்மையிலேயே பெத்தவங்க வேணுங்கற நேரத்துல புள்ள பயந்து மறைக்குது. 18 வயசு முடிஞ்ச புள்ளையோட பிரச்சினைய அதுகிட்ட கேக்காம வீட்டுக்கு சொல்ற பழக்கத்தால எத்தன பொண்ணு படிப்பு நின்னுருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. (உசுருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும், அது வேற, ஆனா அப்பவும் புள்ளகிட்ட சொல்லிட்டு சொல்லுங்க.)

பாதுகாப்புன்னாலே நீங்க செய்யற முதல் வேலை பொண்ணுங்க ஹாஸ்டல் கேட்ட இன்னும் சீக்கிரம் பூட்டறது. பசங்க ஒன்பது வரைக்கும் லைப்ரரில உக்காரலாம், பொண்ணுங்க ஆறரைக்கு உள்ள. பாதுகாப்ப காரணம் காட்டி பெண்கள் ஹாஸ்டலுக்கு மட்டும் பாரபட்சமான ரூல் போடக் கூடாதுன்னு அதே 2015 விதியில இருக்குங்க. மேல சொன்ன சம்பவம் எல்லாம் பகல்ல ஸ்டாஃப் ரூம்லயும், ராத்திரி பூட்டின கேட்டுக்கு உள்ள போன்லயும்தான் நடந்துச்சு.

பசங்க கதை இன்னும் மோசம், அவங்க வாயே திறக்க மாட்டாங்க. பாய்ஸ் ஹாஸ்டல் வார்டன் ஒருத்தர் என்கிட்ட சொல்வாரு, "பொண்ணுங்களாச்சும் அழுவுது மேடம், இவனுங்க சிரிச்சுக்கிட்டே இருப்பானுங்க"ன்னு. 2022-ல மட்டும் இந்தியாவுல 13,044 மாணவர்கள் தற்கொலை பண்ணிக்கிட்டதா தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்லுது. நிலைமை இப்படி இருக்கறப்பத்தான் 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட், முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில ஒரு தேசியக் குழு போட்டுச்சு. ஜூலைல இன்னொரு தீர்ப்புல 15 வழிகாட்டுதல் குடுத்துச்சு. அதுல ஒண்ணு, 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற எந்த கல்வி நிறுவனமா இருந்தாலும் தகுதியான கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும். இன்னொண்ணு, டீச்சிங், நான் டீச்சிங் எல்லா ஸ்டாஃபுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவ டிரெய்னிங்.

கவுன்சிலர் போட்டுட்டோம்னு நீங்க சொல்வீங்க. யாரன்னு பார்த்தா இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் மேடம், ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் போயிட்டு வந்தவங்க. ரூம் எங்கன்னா பிரின்சிபால் ரூமுக்கு எதிர்த்தாப்ல, வெளிய பெஞ்சு, யாரு உள்ள போறா வர்றான்னு ஆபீஸ் முழுக்க பார்க்கலாம். அந்த ரூம்ல பேசினது சாயந்தரமே ஹெச்.ஓ.டி காதுக்கு போயிடும், "அந்தப் பையன் கொஞ்சம் ஒரு மாதிரி, ப்ராஜெக்ட் டீம்ல பார்த்து போடுங்க"ன்னு. அப்புறம் எவன் வருவான்.

ரகசியம் காக்கறதுன்னா என்னன்னு நம்ம ஊருக்கே ஒரு பாடம் 2024 டிசம்பர்ல கிடைச்சுது. அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ஒரு மாணவிக்கு பாலியல் வன்கொடுமை நடந்துச்சு, அந்தப் பொண்ணு தைரியமா புகார் குடுத்தா, குடுத்த எஃப்.ஐ.ஆர் அவ விவரத்தோட வெளிய கசிஞ்சுது. ஹைகோர்ட் பெண் ஐ.பி.எஸ் அதிகாரிகள வெச்சு எஸ்.ஐ.டி (சிறப்பு விசாரணைக் குழு) போட்டு, அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு குடுக்கச் சொன்னுச்சு. 2025 ஜூன்ல குற்றவாளிக்கு ஆயுள், 30 வருஷம் குறையாம. கேஸ் அஞ்சாறு மாசத்துல முடிஞ்சது பெரிய விஷயம்தான். ஆனா அந்த டிசம்பர் மாசம் எங்க ஹாஸ்டல்ல புள்ளைங்க பேசிக்கிட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. குற்றவாளி எப்படி உள்ள வந்தான்னு ஒருத்தியும் கேக்கல. "கம்ப்ளெயின்ட் குடுத்தா நம்ம பேரும் இப்படி வந்துடும் பாரேன்"னு தான் பேசினாளுங்க. ஒரு எஃப்.ஐ.ஆர் கசிஞ்சதுல இன்னும் எத்தன புகார் எழுதப்படாமயே போச்சோ.

சாதி பத்தி சொல்லலைன்னா பாதி லெட்டர்தான். ரூம் அலாட் பண்ணின முதல் வாரமே "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?"ன்னு ஒரு கேள்வி வரும். அடுத்த வாரம் ஒரு பெட்டிஷன் வரும், எனக்கு ரூம் மாத்திக் குடுங்க மேடம், வாட்டர் டேங்க் சத்தம் கேக்குதுன்னு. டேங்க் சத்தம் எனக்கும் தெரியும், மாத்திக் குடுத்தா அந்த ரூம்ல தனியா மிஞ்சற புள்ள யாருன்னும் தெரியும். நான் மாத்திக் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்ன செய்யணும்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

நான் கேக்கறது ஒண்ணும் கோடி ரூபாய் சமாச்சாரம் இல்லைங்க. பாடம் எடுக்கறவங்கள வார்டனா போடாதீங்க, வார்டன தனி வேலையா, தனி சம்பளத்தோட, பாடத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லாத ஆளா போடுங்க. ஒரு வார்டனுக்கு முன்னூறு புள்ளைங்கன்னா அவங்க எண்ணத்தான் முடியும், பார்க்க முடியாது. கவுன்சிலர் ரூம ஆபீஸ் பக்கத்துல இருந்து தூக்கி ஜெராக்ஸ் கடை பக்கமோ கேன்டீன் பக்கமோ வைங்க, யாரு எதுக்குப் போறாங்கன்னு தெரியாத இடமா. ஐ.சி.சில இருக்கற ஹெச்.ஓ.டிய இந்த வாரமே மாத்துங்க, அதுக்கு கவர்னிங் கவுன்சில் கூட வேண்டியதில்ல, விதியே உங்க பக்கம் இருக்கு. ஸ்டாஃப், ஸ்டூடன்ட்டுக்கு தனி நம்பர்ல ராத்திரி மெசேஜ் போடக் கூடாது, எதுவா இருந்தாலும் கிளாஸ் குரூப்லனு ஒரு சர்க்குலர் விடுங்க, நல்ல வாத்தியாருக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் 14416 நம்பர, அது 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், ஃப்ளெக்ஸ்ல போட வேணாம், பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, அங்கதான் யாரும் பார்க்காம நம்பர குறிச்சுக்க முடியும்.

டிரெய்னிங் குடுக்கறப்ப புரொபசருங்களோட நிறுத்தாம மெஸ் அக்கா, கூட்டற அம்மா, கேட் வாட்ச்மேன் அண்ணன் எல்லாரையும் உக்கார வைங்க. யாரு சாப்பிடல, யாரு மூணு நாளா துணி துவைக்கல, யாரு ராத்திரி ஒரு மணிக்கு மாடிப்படில உக்காந்து போன் பேசி அழுவுறாங்கறது முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சா யாருகிட்ட சொல்லணும்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது, சொன்னா "உன் வேலைய பாரு"ன்னு திட்டு விழும்னு வேணா தெரியும். அன்னைக்கு அந்த மெஸ் அக்கா என்கிட்ட வந்து சொன்னதுக்கே கான்ட்ராக்டர் அவங்கள "புள்ளைங்க விஷயத்துல தலையிடாத"ன்னு சொன்னாரு.

கடைசியா ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க காலேஜ் போர்டுல இருக்கற நம்பருக்கு இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு நீங்களே போட்டுப் பாருங்க. உங்க நம்பர்ல இருந்து போடாதீங்க, அலறி அடிச்சு எடுப்பாங்க, வீட்டுல யாராச்சும் நம்பர்ல இருந்து போடுங்க. எத்தனாவது ரிங்ல எடுக்கறாங்கன்னு பாருங்க. எடுத்தா, நீங்க ஒண்ணும் பேச வேணாம், சும்மா இருங்க. எடுத்தவங்க முதல்ல கேக்கறது "எந்த டிபார்ட்மென்ட், எந்த இயர்?"ஆ, இல்ல "எங்கம்மா இருக்க?"வான்னு மட்டும் கேட்டுட்டு வைங்க.

இப்படிக்கு,
ஆறு வருஷம் ராத்திரி அட்டெண்டன்ஸ் எடுத்த ஒரு கெமிஸ்ட்ரி மேடம்